மருந்தும் மறைந்துறையும் தொற்றும்

பிணியை நீக்குதற்கு மருந்து வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், மருந்துண்பவனுடைய உடல்நிலை எத்தகையது, அவன் முன்னர் எந்நோய்களுக்கு ஆளானவன், அவன் வாழும் மண் எத்தகையது என்பவற்றை ஆராயாது கொடுக்கப்படும் மருந்து, தீர்க்க வந்த பிணியினும் கொடிய பிணியை விளைத்தலும் உண்டு. மருத்துவ நூல் கற்றவன் நோயாளியின் நிலை, நோயின் வன்மை, பருவம் ஆகிய மூன்றையும் எண்ணியே செயற்படவேண்டும் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் கூறும் கருத்துகளுள் ஒன்று. அம்மூன்றனுள் நோயாளியின் நிலையே முதலில் வைக்கப்பட்டிருத்தல் கருதத்தக்கது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி மருத்துவ உலகம் பெருவிலை கொடுத்து மீண்டும் கற்றுக்கொண்ட பாடமும் இதுவே. அதனைத் தெளிவாகக் காட்டும் வரலாறுகளுள் ஒன்று, 'மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ்' என மேனாட்டார் வழங்கும் தண்டுவட மரப்பு நோய்க்கான மருந்துகளின் வரலாறாகும்.

இந்நோய் வடஐரோப்பாவிலும் வடஅமெரிக்காவிலும் மிகுதி. வெப்பமண்டல நாடுகளில் அரிது. ஆதலின் வலப்பனை, இராகலை, உடப்புசல்லாவை முதலிய மலைநாட்டுத் தோட்டப் பகுதிகளில் வாழ்வோர்க்கு இவ்வாராய்ச்சியால் யாது பயன் என வினவுதல் கூடும். அதற்கு விடை இரண்டு. அரிது என்பது இல்லை என்பதன்று. இலங்கையிலும் இந்நோயாளர் உளர் என்பது முதல் விடை. இந்நோய்க்கு வழங்கப்படும் மருந்துகளுட் பல, மூட்டுவாதம், சிறுநீரக அழற்சி, தோல்நோய், இழுப்பு முதலிய பரவலான நோய்களுக்கும் வழங்கப்படுபவை என்பது இரண்டாம் விடை. அம்மருந்துகளால் நேரும் தொற்றுகளோ, மலையக மண்ணில் நெடுங்காலம் வேரூன்றி நின்ற நோய்களோடு நெருங்கிய உறவுடையவை.

காவலே பகையாதல்

பாரிஸ் நகரின் சல்பெத்ரியேர் வைத்தியசாலையில் பணியாற்றிய ஷார்க்கோ என்னும் மருத்துவப் பேரறிஞர், 1868ஆம் ஆண்டில் இந்நோயை ஏனைய நடுக்க நோய்களினின்றும் பிரித்து விளக்கினார். மின்கம்பியைச் சுற்றி றப்பர் உறை இருத்தல்போல நரம்பு நாரைச் சுற்றி மயலின் எனப்படும் கொழுப்புறை உண்டு. மூளையிலும் தண்டுவடத்திலும் அவ்வுறை ஆங்காங்கே அழிந்து, அவ்விடங்கள் இறுகித் தழும்பாதலே இந்நோயாம். பெரும்பாலும் 20க்கும் 40க்கும் இடைப்பட்ட அகவையினரையும், ஆடவரிலும் பெண்டிரையே மிகுதியாகவும் இது பற்றும். பார்வை மங்கல், கால் தளர்தல், உணர்ச்சி குன்றல், சிறுநீரை அடக்க இயலாமை முதலியன தோன்றிச் சில கிழமைகளிற் குறையும். சில மாதங்களோ ஆண்டுகளோ கழிந்தபின் மீண்டும் தாக்கும். இவ்வாறு வந்து வந்து செல்லும் தாக்குதல்கள் ஈற்றில் நிலையான ஊனத்தை விளைப்பதுண்டு.

உறையை அழிப்பது யாது? இவ்வினாவிற்கு விடை காண உதவிய செய்திகளுள் ஒன்று, இந்திய மலைநகரம் ஒன்றிலிருந்து தொடங்குகின்றது. விசர்நாய்க் கடிக்கு மருந்து தேடிய டேவிட் செம்பிள் என்பவர், இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் 1911ஆம் ஆண்டளவில் புதிய தடுப்பு மருந்தொன்றை உருவாக்கினார். நோய்க்கிருமியேற்றிய விலங்கின் மூளையைக் கார்போலிக்கமிலத்தால் பதப்படுத்தி ஆக்கிய அம்மருந்து, எண்ணிறந்த உயிர்களைக் காத்தது. தேயிலைச் செடிகள் சூழ்ந்த நீலகிரிக் குன்னூரில் 1907இல் நிறுவப்பட்ட பாஸ்டர் நிலையம் தென்னிந்தியரின் விசர்நாய்க்கடிச் சிகிச்சைக்குப் பெயர்பெற்றது. தொப்புளைச் சுற்றிப் போடப்பட்ட அவ்வூசிகளை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். ஆயின், ஊசி பெற்றோருட் சிலர், விசர்நோய் வாராத நிலையிலும் திடீரெனக் கைகால் செயலற்றுப் போயினர். அவர்களது நரம்புகளை ஆராய்ந்தபோது மயலின் உறை அழிந்திருத்தல் காணப்பட்டது.

தடுப்பூசியிற் கலந்திருந்த விலங்கின் மூளைப்பொருளே இதற்குக் காரணமோ என ஆராயப் புகுந்தார் தோமஸ் றிவர்ஸ். நியூயோர்க் றொக்பெல்லர் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த அவர், 1933ஆம் ஆண்டில், கிருமி எதுவும் அற்ற மூளைப்பொருளைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தினார். சில குரங்குகளுக்கு அத்தகைய நரம்பழிவே உண்டாயிற்று. நோயினின்றும் உடலைக் காக்கும் ஆற்றலாகிய நிர்ப்பீடனம், அயற்பொருள் எனக் கருதித் தன் உடலின் நரம்புறையையே தாக்கவல்லது என்பது இதனாற் புலனாயிற்று. காவலனே வீட்டுக்காரனைப் பகைவன் என மயங்கித் தாக்கும் நிலை இது. தண்டுவட மரப்பு நோயும் இவ்வாறே நிகழ்வது எனப் பிற்கால ஆய்வாளர் கருதலாயினர். அவ்வாறாயின் காவலனை அடக்குதலே மருந்து. ஆனால் காவலன் உறங்கும் வீட்டிற் கள்வன் புகுவான் என்பது அன்று பெரிதாக எண்ணப்படவில்லை.

கோட்டிசோனின் வருகை

1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்மணிக்குக் கோட்டிசோன் என்னும் மருந்து முதன்முதலாக வழங்கப்பட்டது. சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். உலகம் வியந்தது. 1950ஆம் ஆண்டிலேயே ஹென்ச், கெண்டல், றைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் அதற்காக நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. ஸ்டீரொய்ட் எனப்படும் இவ்வின மருந்துகள் விரைவில் தண்டுவட மரப்பு நோய்க்கும் வழங்கப்பட்டன. இவை தாக்குதலிலிருந்து விரைந்து மீள உதவுமேயன்றி நோயின் நெடுங்காலப் போக்கை மாற்றமாட்டா என்பது பின்னர் நிகழ்ந்த ஒழுங்கான ஆய்வுகளால் தெளிவாயிற்று. இன்றும் கடுந்தாக்குதல் நேரும்போது மெதில்பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டீரொய்ட்டை மூன்று முதல் ஐந்து நாள்வரை நாளத்தின் வழியே செலுத்துதல் வழக்கமாகும்.

வியப்புத் தணியுமுன்னரே இடரும் வெளிப்பட்டது. சுகமாயிற்று எனக் கருதப்பட்ட காசநோய், ஸ்டீரொய்ட் உண்டோர் சிலரிடம் மீண்டும் மூண்டெழுந்தது. காசநோய்க் கிருமி உடலிற் புகுந்தோர் அனைவரும் நோயாளராவதில்லை. பெரும்பாலோரிடம் வெண்குருதிக் கலங்கள் அக்கிருமியைச் சூழ்ந்து சிறை வைத்துவிடுகின்றன. சிறையுண்ட கிருமி இறவாது பல்லாண்டுகள் உறங்கும். நெடுநாள் ஸ்டீரொய்ட் உட்கொள்ளுங்கால் சிறைச்சுவர் தளர்கின்றது. புதிதாக வெளியிலிருந்து வந்த தொற்றன்று இது. நோயாளி தன்னோடு சுமந்து வந்த பழைய தொற்றேயாம்.

காசநோயினும் மறைவானது மற்றொன்று. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் எனப்படும் நுண்புழு, தூலோனில் பணியாற்றிய நோர்மான் என்னும் பிரெஞ்சு மருத்துவரால் 1876ஆம் ஆண்டில், இந்தோசீனத்திலிருந்து திரும்பிய படைவீரரிடம் காணப்பட்டது. வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுட் புகும் இப்புழுவிற்கு, ஏனைய குடற்புழுக்களுக்கு இல்லாத ஓர் ஆற்றல் உண்டு. அதன் குஞ்சுகள் மண்ணுக்குச் செல்லாமலே, அதே மனிதனின் குடலையோ தோலையோ துளைத்து மீண்டும் உட்புகுந்து வளரவல்லன. ஆதலின் ஒருமுறை பற்றிய தொற்று ஆயுள் முழுவதும் நீடித்தல் கூடும். நிர்ப்பீடனம் வலிமையோடிருக்கும்வரை புழுக்கள் சிலவாகவே அடங்கியிருக்கும். நோயாளி அவற்றை அறியவும் மாட்டார். ஸ்டீரொய்ட் மருந்தால் அவ்வடக்கம் நீங்கின், அவை அளவின்றிப் பெருகி நுரையீரல் முதலிய உறுப்புகளுட் பரவும். குடற்கிருமிகளையும் உடன் சுமந்து செல்லும். உரிய காலத்திற் கண்டறியாவிடின் உயிர் பிழைத்தல் அரிது.

இதன் நெடுவாழ்வு, இரண்டாம் உலகப்போரின் துயரமொன்றினால் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் அமைத்த சயாம்–பர்மா இரயிற்பாதையில் உழைத்த பிரித்தானிய, அவுஸ்திரேலியப் போர்க்கைதிகள் தாயகம் திரும்பி முப்பது, நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் இப்புழுவைச் சுமந்திருந்தமை பரிசோதனைகளிற் காணப்பட்டது. அதே பாதையில் மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரும் உழைத்தனர்; மாண்டனர். பிழைத்து மீண்டோரின் உடல்நிலையோ அப்படைவீரருடையது போல முறையாகத் தொடர்ந்து ஆராயப்படவில்லை. ஒரே சேற்றில் நின்ற இரு சாராருள் ஒரு சாராரின் உடல் வரலாறு ஏடுகளில் உளது. மற்றச் சாராருடையது இல்லை. ஏட்டில் இல்லாமையால் உடலிலும் இல்லை என்று கொள்ளுதல் தவறாகும்.

தோட்டங்களின் புழு வரலாறு

இனி இலங்கை மலைநாட்டின் நிலையை நோக்குவோம். கோப்பிப் பயிர்ச்செய்கைக் காலத்திலும், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் தொடங்கிய தேயிலைச் செய்கை பரவிய காலத்திலும், தமிழகத்து மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் கூட்டங்கூட்டமாக இங்கு வந்தனர். அவர்களுக்காக 1872ஆம் ஆண்டில் மருத்துவத் தேவைகள் சட்டம் இயற்றப்பட்டது. மண்டபம் முகாமில் வாந்திபேதியையும் வைசூரியையும் தடுக்கப் பல நாள் மறித்து வைக்கப்பட்டனர். பிற்காலத்தில் குடற்புழு மருந்தும் ஆங்கு வழங்கப்பட்டது. ஆயின் தோட்டத்தை அடைந்தபின் அவர்களை எதிர்நோக்கியது, புகைபடிந்த ஒற்றையறை லயங்களும், மலசலகூடம் இல்லாத தேயிலை மலைகளுமேயாம். லயம் காசநோய் பரவுதற்கும், ஈரமண் புழு பரவுதற்கும் ஏற்ற இடங்களாயின.

வெறுங்காலோடு கொழுந்து பறித்தோரின் கால்வழியே கொக்கிப்புழு புகுந்தது. அது குடலிற் பற்றி இரத்தத்தை உறிஞ்ச, உடல் வெளிறிச் சோர்ந்தது. சோம்பல் என ஏசப்பட்ட பலரது நிலை உண்மையிற் சோகைநோயே. இதனை ஒழிக்கும் நோக்கத்தோடு அமெரிக்க றொக்பெல்லர் நிறுவனம் 1916ஆம் ஆண்டில் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் பெருமுயற்சி ஒன்றைத் தொடங்கியது. ஸ்னொட்கிறாஸ் என்னும் மருத்துவர் அதனை நடத்தினார். பரிசோதிக்கப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் கொக்கிப்புழு உடையோராகக் காணப்பட்டனர்.

அம்முயற்சியின் முறை ஈண்டுக் கருதத்தக்கது. தோட்டத்திலுள்ளோர் தொகை முதலிற் கணக்கிடப்பட்டது. ஆளுக்கொரு பெயர்ப் பதிவு வைக்கப்பட்டது. மலம் நுணுக்குக்காட்டியால் ஆராயப்பட்டது. புழு உடையார்க்குத் தைமோலும், பின்னர்க் கீனப்போடியத் தைலமும் வழங்கப்பட்டன. புழு நீங்கியதா என்பது மீண்டும் ஆராயப்பட்டது. தைமோலோ எளிய மருந்தன்று. சாராயமோ எண்ணெய்ப் பண்டமோ வயிற்றில் இருப்பின் அது கரைந்து உடலிற் சேர்ந்து நஞ்சாகும். ஆதலின் முதல்நாளே உணவை அடக்கி, பேதிமருந்து கொடுத்து, அருகிருந்து நோக்க வேண்டியதாயிற்று. கீனப்போடியமும் அளவு மிகின் செவியைக் கெடுக்கும், உயிரையும் போக்கும். உண்பவன் எந்நிலையில் இருக்கின்றான் என்பதை அறியாது மருந்து கொடுத்தல் ஆகாது என்பது, இவ்வாறு ஒரு நூற்றாண்டிற்கு முன்னரே மலைநாட்டுத் தோட்டங்களில் கைக்கொள்ளப்பட்ட நெறியாகும்.

எனினும் அம்முயற்சி முழுவெற்றி பெற்றிலது. மருந்துண்ணும் நாளில் வேலைக்குச் செல்ல இயலாமையால் தொழிலாளர் தயங்கினர். வேலை தடைப்படுதலைத் தோட்டத் துரைமாரும் விரும்பவில்லை. எல்லாவற்றினும் மேலாக, மலசலகூடங்கள் போதிய அளவிற் கட்டப்படாமையால், புழு நீங்கியவர் அதே மண்ணை மிதித்து மீண்டும் புழுவைப் பெற்றனர். உடலுக்கு மருந்து கொடுத்தவர் மண்ணுக்கு மருந்து கொடுத்திலர். 1990களிலே தோட்டங்களில் மெபென்டசோல் மாத்திரை கூட்டமாக வழங்கப்பட்டுப் பெரும்பயன் விளைந்தது. எனினும், அவ்வாறு பத்தாண்டு வழங்கியபின் நிகழ்ந்த ஆய்விலும் தோட்டச் சிறாரிடை மண்வழிப் புழுக்கள் முற்றாக ஒழிந்தில என்பது காணப்பட்டது.

இப்புழு வரலாறு நரம்புநோய் மருந்தோடு இணையும் இடம் யாதெனின், கொக்கிப்புழு வாழும் ஈரமண்ணிலேயே ஸ்ட்ராங்கிலாய்டிஸ் நுண்புழுவும் வாழவல்லது என்பதாம். கொக்கிப்புழுவை நீக்கும் மெபென்டசோல் இந்நுண்புழுவை உறுதியாக நீக்குவதன்று. அதற்கு ஐவர்மெக்டின் என்னும் மருந்தே சிறந்தது. மலத்தை ஒருமுறை ஆராய்தலாலும் இது பிடிபடாது தப்புதல் உண்டு. ஆதலின் பள்ளிப்பருவத்திற் புழுமாத்திரை உண்டவர் என்னும் ஒன்றை மட்டும் கொண்டு ஒருவரது குடல் தூயது எனத் துணிதல் இயலாது. 2020ஆம் ஆண்டில் கொவிட் நோய்க்கு டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டீரொய்ட் உயிர்காக்கும் மருந்தாக நிறுவப்பட்டபோது, வெப்பமண்டலத்தோர்க்கு அதனை வழங்குமுன் இந்நுண்புழுவை நினைவிற் கொள்க என அறிஞர் எச்சரித்தமை இதனாலேயாம்.

புதிய மருந்துகளும் பழைய கிருமிகளும்

தண்டுவட மரப்பு நோயின் போக்கையே மாற்றவல்ல மருந்துகள் 1990களிலே தோன்றலாயின. 1993இல் இன்டர்பெறோன் பீட்டாவும், 1996இல் கிளாட்டிராமெரும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இவை காவலனை அறவே அடக்காது அவன் போக்கைத் திருத்துவன. ஆதலின் தொற்று இடர் இவற்றால் மிகுவதில்லை. ஆனால் நோயைத் தடுக்கும் ஆற்றலும் இவற்றிற்கு நடுத்தரமானதே. அதனின் வலிய மருந்தை நாடிய முயற்சி நட்டாலிசுமாப் என்னும் மருந்தில் நிறைவுற்றது. வெண்குருதிக் கலங்கள் இரத்தக்குழாயினின்றும் மூளைக்குட் புகும் வாயிலை அது அடைக்கின்றது. புகாதவன் தாக்கமாட்டான் என்பது அதன் தத்துவம். 2004ஆம் ஆண்டு நவம்பரில் அது அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது.

ஏறத்தாழ மூன்று மாதங்கள் கழிந்தபின், 2005 பெப்ரவரியில், அம்மருந்து விற்பனையினின்றும் மீட்கப்பட்டது. பி.எம்.எல். எனச் சுருக்கமாக வழங்கும் கொடிய மூளைத் தொற்று அதனை ஏற்றோரிடம் காணப்பட்டமையே காரணம். அதனை விளைப்பது ஜே.சி. வைரசு. 1971இல் கண்டறியப்பட்ட இவ்வைரசு, வளர்ந்தோரிற் பாதிப்பேர்க்கு மேற்பட்டோரின் உடலில் யாதொரு தீங்கும் செய்யாது உறங்குவது. மூளையைச் சுற்றிவரும் காவற் கலங்களின் வரவு தடைப்பட்டபோது, அது மூளையின் வெண்பொருளைச் சிதைக்கத் தொடங்கியது. மூவர் நோயுற்றனர், இருவர் மாண்டனர். அவருள் ஒருவர் குடல் அழற்சிக்காக அம்மருந்தை ஏற்றவர். அவர் 2003இலேயே மாண்டார். மூளைக்கட்டி என்றே முதலில் எழுதப்பட்டிருந்தது. பேணி வைக்கப்பட்ட அவரது மருத்துவக் குறிப்புகளையும் மூளைத் துணுக்குகளையும் மீள ஆராய்ந்தபோதே உண்மை வெளிப்பட்டது. நன்கு பேணப்பட்ட பதிவு, மாண்டவர்க்கு உதவாவிடினும் வாழ்வோர்க்கு உதவும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அம்மருந்து அறவே கைவிடப்படவில்லை. 2006ஆம் ஆண்டில், கடுமையான கண்காணிப்போடு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆய்வாளர் மூன்று வினாக்களை வகுத்தனர். நோயாளியின் குருதியில் ஜே.சி. வைரசுக்கு எதிரான பிறபொருளெதிரி உண்டா? நிர்ப்பீடனத்தை அடக்கும் வேறு மருந்தை அவர் முன்னர் உண்டவரா? இரண்டாண்டுகளுக்கு மேலாக நட்டாலிசுமாப் பெறுகின்றாரா? முதல் வினாவிற்கு இல்லை என விடை வருமாயின், இடர் 10,000 பேருக்கு ஒருவர் என்னும் அளவினதாகும். மூன்று வினாக்களுக்கும் ஆம் என விடை வருமாயின், ஆண்டுகள் செல்லச் செல்ல அது 100 பேருக்கு ஒருவர் என்னும் அளவை அணுகும். மருந்து ஒன்றே, அளவும் ஒன்றே. இடரைக் கூட்டிக் குறைப்பது நோயாளியின் முன்வரலாறேயாம்.

பின்வந்த மருந்துகளும் இவ்வுண்மையையே வலியுறுத்தின. 2010இல் வெளிவந்த பிங்கோலிமொட் என்னும் மாத்திரையின் ஆய்வுக்காலத்தில், மிகை அளவு பெற்றவருள் இருவர் மாண்டனர். ஒருவருக்கு அதுவரை வாராத கொப்புளிப்பான் வந்து உடல் முழுவதும் பரவியது. மற்றவருக்கு வேறொரு வைரசு மூளையைத் தாக்கியது. குளிர்நாடுகளிற் பெரும்பாலோர் குழந்தைப் பருவத்திலேயே கொப்புளிப்பானுக்கு ஆளாகி எதிர்ப்பாற்றல் பெறுகின்றனர். வெப்பநாடுகளிலோ அதற்கு ஆளாகாமலே இளமைப் பருவத்தை அடைவோர் பலர். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி ஒதுங்கியிருக்கும் மரபுடைய குடும்பங்களில், யாருக்கு எப்பொழுது அம்மை போட்டது என்பது தாய்மாரின் நினைவில் இருக்கும். அந்நினைவு மருத்துவனுக்குப் பெரிதும் உதவும். ஐயமிருப்பின் குருதிப் பரிசோதனையாலும் அறியலாம். எதிர்ப்பாற்றல் இல்லையெனின் மருந்து தொடங்குமுன்னரே தடுப்பூசி போடல் வேண்டும். உயிருள்ள கிருமியால் ஆக்கிய தடுப்பூசியை மருந்து தொடங்கியபின் போடுதல் ஆகாது. அலெம்துசுமாப் பெறுவோர் லிஸ்டீரியா என்னும் கிருமிக்கு அஞ்சிக் காய்ச்சாத பாலையும், நன்கு வேகாத இறைச்சியையும் விலக்கவேண்டும். கிளாட்ரிபின் பெறுவோரிடம் காசநோயும் அக்கியும் தேடப்பட வேண்டும்.

வறிய நாடுகளுக்கு மிக முதன்மையானது றிட்டுக்சிமாப். 1997இல் நிணநீர்ப் புற்றுக்காக அனுமதிக்கப்பட்ட இது, தண்டுவட மரப்பு நோய்க்கும் சுவீடன் முதலிய நாடுகளிற் பெருவழக்காயிற்று. 2007ஆம் ஆண்டு முதல் ஹைதராபாத் நிறுவனமொன்று இதன் மலிவான வடிவத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. 2023இல் உலக சுகாதார நிறுவனம், கிளாட்டிராமெர், கிளாட்ரிபின், றிட்டுக்சிமாப் ஆகிய மூன்றையும் இந்நோய்க்குரிய இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. செல்வர் நாட்டு மருந்து ஏழையர் நாட்டிற்கும் எட்டும் நிலை பிறந்துள்ளது. அவ்வாறு எட்டும்போது, ஈரலழற்சி பி வைரசு உடலில் உறங்குகின்றதா எனக் குருதியை முன்னரே ஆராய்தல் கட்டாயமாகும். இன்றேல் அது விழித்தெழுந்து ஈரலை அழித்தல் கூடும். இலங்கையிற் குழந்தைகளுக்கு அந்நோய்த் தடுப்பூசி 2003ஆம் ஆண்டு தொடக்கமே தேசியத் திட்டத்தில் வழங்கப்படுகின்றது. அதற்கு முன் பிறந்தோர் அக்காப்பினைக் குழந்தைப் பருவத்திற் பெற்றவரல்லர் என்பதை இங்கு மறத்தலாகாது.

மலையகத்திற்குரிய வினாக்கள்

இவற்றையெல்லாம் அறிந்த ஒருவர், மருந்தே வேண்டா என ஒதுங்குதல் அறிவுடைமையாகாது. சிகிச்சையின்றி விடப்பட்ட மரப்பு நோய் இளம் அகவையினரைச் சக்கர நாற்காலியில் இருத்தவல்லது. மேற்கூறிய மருந்துகளுட் சிலவற்றைத் திடீரென நிறுத்துதலும் நோயைக் கடுமையாக மீள எழுப்பும். ஸ்டீரொய்ட் மருந்தும் சில நாள் மட்டும் கொடுக்கப்படுங்கால் இடர் குறைவு. திரும்பத் திரும்பவோ நெடுங்காலமோ கொடுக்கப்படுங்கால் மிகுதி. ஆதலின் வேண்டுவது மருந்தை மறுத்தலன்று. மருந்துக்கு முன் வினவுதலாம்.

வினவவேண்டியவை சிலவே. குடும்பத்திலோ அடுத்த லயக் காம்பராவிலோ காசநோய் உற்றவர் உளரா? நெடுநாள் இருமல் உண்டா? இங்கு பி.சி.ஜி. ஊசி 1949 முதல் வழங்கப்பட்டு வருவதால், தோலிற் செய்யும் பரிசோதனையின் விடையை அதனையும் கருதியே கொள்ளவேண்டும். மார்புப் படமும் துணையாகும். வெறுங்காலோடு மண்ணில் உழைத்தவரா? கொப்புளிப்பான் வந்ததுண்டா? ஈரலழற்சி பி பரிசோதிக்கப்பட்டதா? மூட்டுவலிக்கோ இழுப்புக்கோ பெயர் அறியாத மாத்திரைகளை நெடுநாள் உண்டாரா? இறுதி வினாவினை எளிதென எண்ணற்க. கடையில் வாங்கிய அம்மாத்திரை ஸ்டீரொய்ட்டாக இருத்தலும் கூடும்.

இவ்வினாக்களுக்கு விடையளிப்பது நோயாளியின் நினைவு மட்டுமாயின் அது போதாது. கைக்குழந்தைப் பருவத்துத் தடுப்பூசி அட்டை ஓரிடத்தில், தோட்ட மருந்துச்சாலைப் பதிவு ஓரிடத்தில், மார்புநோய்ச் சிகிச்சை நிலையக் குறிப்பு ஓரிடத்தில், நுவரெலியா அல்லது கண்டி வைத்தியசாலையின் சீட்டு ஓரிடத்தில் எனச் சிதறிக் கிடப்பின், ஊசி போடும் மருத்துவர் எதனைக் கொண்டு முடிவு செய்வார்? தோட்டத்தை விட்டுக் கொழும்புக்கு வேலைக்குச் சென்ற இளைஞரின் நிலை இதனினும் அரிது. பழைய சீட்டுகளையும் அட்டைகளையும் ஓர் உறையிலிட்டுக் காத்தல் பொருட்செலவற்ற காரியம். அது நரம்புநோய்க்கு மட்டுமன்றி எந்நோய்க்கும் உதவும்.

முடிவாக, மருந்தின் வரலாறு மருந்துச்சாலைக்குள் மட்டும் நிகழ்வதன்று. தொற்றைத் தடுக்கப் போட்ட ஊசி நரம்பைத் தாக்கிய செய்தியோடு தொடங்கிய ஆராய்ச்சி, நரம்பைக் காக்கக் கொடுத்த மருந்து தொற்றை எழுப்பிய செய்தியில் வந்து நிற்கின்றது. இரண்டிற்கும் இடையே நிற்பவன் நோயாளி. அவனுக்குக் கீழே இருப்பது அவன் மிதித்த மண். 1916இல் தோட்டங்களில் நுழைந்தவர்கள் ஆளுக்கொரு பதிவு எழுதினர். ஆனால் மண்ணைத் தூய்மையாக்கும் பணி நிறைவுறவில்லை. மலசலகூடமும் தூயநீரும் காற்றோட்டமுள்ள வீடும் கொண்ட ஒருவர்க்கு வலிய மருந்தை அஞ்சாது கொடுக்கலாம். அவை இல்லாதவர்க்கு, உலகின் மிகச் சிறந்த மருந்தும் அவர் வாழும் லயத்தின் அளவிற்கே பாதுகாப்பானது. ஆதலின் மலையகத்தில் நல்ல வீடு கட்டுவோரும், பாதணி அணிந்து நடக்கச் சிறாரைப் பழக்கும் ஆசிரியரும், தடுப்பூசி அட்டையைப் பத்திரப்படுத்தும் தாயும், ஊசி கையிலேந்திய மருத்துவரோடு ஒத்த பணியையே செய்பவராவர்.